கட் சொல்ல மறந்த ஒத்திகை

நான் அழைப்பு மணியில் கை வைப்பதற்குள் பெரியப்பா கதவைத் திறந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. அப்போதுதான் சவரம் செய்த முகம், தாடையில் ஒரு சின்னக் கீறல். படம் எடுக்க வந்தது நாங்கள், மாப்பிள்ளை மாதிரி கிளம்பி நின்றது அவர்.

"வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீங்க. இவங்க ரெண்டு பேரும்தான் உன் கூடப் படிக்கிறவங்களா?"

"ஆமா பெரியப்பா."

கேமரா பிடிப்பவனை வகுப்பில் முக்காலி என்போம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் கேமரா முக்காலியைத் தோளிலிருந்து இறக்க மாட்டான். பக்கத்தில் இடிபடுகிறவர்கள் திட்டினால் மரியாதையாகத் தலையாட்டிக்கொள்வான். ஒலிப்பதிவு செய்கிறவள் குச்சி. நீளமான குச்சியில் மைக்கைக் கட்டிக்கொண்டு திரிவதால் வந்த பெயர், ஆளும் அப்படித்தான் இருப்பாள். நான் டைரக்டர். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைப் போட்டார், நாற்காலிகளைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"பெரியம்மா போட்டோ வேணுமாம்மா? நல்லதா நாலஞ்சு எடுத்து வெச்சிருக்கேன். உடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடி எடுத்தது. அதுக்கப்புறம் அவ போட்டோவே எடுக்க விடல, உனக்குத்தான் தெரியுமே."

"அப்புறம் பாத்துக்கலாம் பெரியப்பா."

பையைத் துழாவுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். இறந்துபோன பெரியம்மாவைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்கப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பைக்குள் இருந்த காகிதங்களில் வேறு கதை இருந்தது. சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடந்து செத்துப்போன ஒரு கிழவி, செத்த பிறகும் அதே நாற்காலியில் உருண்டு வந்து வீட்டிலிருப்பவர்களைக் கொல்கிறாள். பெரியம்மாவைப் பற்றித்தானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் அது நன்றாகத்தான் பொருந்தியது. அவர் முகத்துக்கு எதிரில் பொருந்தவில்லை.

எங்கள் வகுப்பில் இறுதி ஆண்டில் ஒரே ஒரு கதைதான் படமாகும். மற்றவர்கள் அந்தப் படத்தில் லைட் தூக்க வேண்டியதுதான். படத்தின் தொடக்கக் காட்சியைத் திட்டம் போட்டு, கட்டம் கட்டமாக வரைந்து, ஒத்திகையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அதை வைத்து சார் தேர்ந்தெடுப்பார். நான் முன்பு கொண்டுபோன யோசனைகளையெல்லாம் அவர் கொட்டாவி விட்டபடியே திருப்பிக் கொடுத்திருந்தார். சக்கர நாற்காலிக் கிழவியைச் சொன்னதும்தான் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனையும்.

பெரியப்பா எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். வாசல் கதவிலிருந்து சமையலறை வரை நேராக ஒரு நடைவழி. ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் இருட்டு. நடுவில் இடது பக்கம் பின்னறை. பெரியம்மாவின் சக்கர நாற்காலி அறைக்குள் இல்லை. அறையின் வாசல்படியருகே, நடைவழியில், வாசல் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

"உள்ளதான் வெச்சிருந்தேன்," என்றார் பெரியப்பா, சிரித்துக்கொண்டே. "நீங்க வரப்போறீங்கன்னு சொன்னதிலேருந்து இங்கயே நிக்கறா."

முக்காலி என்னைப் பார்த்தான். நான் குச்சியைப் பார்த்தேன். வயதானவர், தனியாக இருக்கிறவர், அப்படித்தான் பேசுவார் என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டோம்.

அவர் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியை லேசாகத் தள்ளிக் காட்டினார். அது தண்ணீரில் போவது போல் நகர்ந்தது. "சத்தம் வருதா பாரு. வராது. அவளுக்குச் சத்தம் ஆகாது. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு கூச்சப்படுவா. அதனால வாரா வாரம் எண்ணெய் விடுவேன். இப்பவும் விடறேன். எல்லாரும் தனியா எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க. நான் எங்க தனியா இருக்கேன்?"

பிறகு சாவியை என் கையில் கொடுத்தார். நாங்கள் சங்கடப்படாமல் வேலை பார்க்கட்டும் என்று சாயங்காலம் வரை சிநேகிதர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு குனிந்தார்.

"பசங்க வந்திருக்காங்க. உன்னைப் பத்திப் படம் எடுக்கறாங்களாம். வெக்கப்படாம அவங்க சொல்றபடி கேளு, என்ன."

அவர் படி இறங்கும்வரை குச்சி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் மூவரும் வெடித்துச் சிரித்தோம். நானும்தான். என் சிரிப்புதான் அதிக நேரம் நீடித்தது.

வேலையை ஆரம்பித்தோம். வரைந்த கட்டங்களை நடைவழிச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். திட்டம் இதுதான். திரை இருட்டாக இருக்கும். வாசல் கதவு. அங்கிருந்து கேமரா தாழ்வாக, உட்கார்ந்திருப்பவளின் கண் உயரத்தில், மெல்ல உள்ளே வரும். சமையலறையில் ஒரு பெண் முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். கேமரா அவளை நெருங்கும். அடுத்த ஷாட்டில் அவள் திரும்பிப் பார்ப்பாள், நாம் நாற்காலியில் இருப்பவளின் முகத்தைப் பார்ப்போம். அவ்வளவுதான், படத்தின் பெயர் விழும்.

கேமராவை உருட்டிக்கொண்டு போகிற டிராலி கல்லூரியில் உண்டு. ஆனால் தேர்வான படத்துக்கு மட்டும்தான் தருவார்கள். சக்கர நாற்காலியில் கேமராக்காரனை உட்காரவைத்துத் தள்ளுவது எங்களைப் போன்றவர்களின் வழக்கமான தந்திரம். இங்கே டிராலியும் அதுதான், பேயும் அதுதான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று முக்காலி மெச்சினான். மெச்சிக்கொண்டே அதில் உட்கார்ந்தான்.

நான் பின்னாலிருந்து தள்ளினேன். அற்புதமாகப் போனது.

"ரொம்ப நல்லாப் போகுது, அதான் கஷ்டம்," என்றாள் குச்சி, காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தி. "சத்தமே இல்லாம எப்படிப் பயமுறுத்தறது? கிறீச் கிறீச்னு வரணும் டைரக்டரே."

"அப்புறமா சேத்துக்கலாமே."

"நிஜச் சத்தம் மாதிரி வராது. எண்ணெயைத் துடைச்சிடலாம்."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற மரியாதைதான். உடனே சரி என்றேன். குளியலறையிலிருந்து பழந்துணி எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, அவர் விட்டிருந்த எண்ணெயை நாங்கள் மூவருமாகச் சக்கரத்தின் இடுக்கு இடுக்காகத் துடைத்தெடுத்தோம். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். மறுபடி தள்ளியபோது நாற்காலி முனகியது. குச்சி கட்டைவிரலை உயர்த்தினாள்.

"இன்னொரு தடவை," என்றேன்.

வாசலில் போய் நின்று ஆரம்பித்தோம். "ஆக்‌ஷன். மெதுவா. இன்னும் மெதுவா."

நான் கையைத் தளர்த்தவில்லை. ஆனால் நாற்காலி மெதுவானது.

"கொஞ்சம் இடது பக்கம்."

இடது பக்கம் ஒதுங்கியது. நான்தான் தள்ளியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நில்லு. கட்."

நின்றது.

"டைரக்டரே, நீ ஏன் நடுவுல பேசிக்கிட்டே வர்றே?" என்றாள் குச்சி.

"சொல்லித்தானே ஆகணும்."

"அது சரி. அதுக்கு நீயே பதிலும் சொல்றியே."

ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பதிவைக் கேட்டேன். சக்கரத்தின் கிறீச். என் குரல், மெதுவா. அதன் பின்னால், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மறுபடி என் குரல், இடது பக்கம். மறுபடி அது.

சரிம்மா.

ஹெட்போனைக் கழற்றினேன். நடைவழியில் மெல்ல ஒரு வாசனை வந்து நின்றது. முகத்துக்குப் போடுகிற ரோஜா பவுடர். பெரியம்மா யாராவது விருந்தாளி வருகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் போட்டுக்கொள்வார். பக்கவாதம் வந்து வாயின் இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, பவுடர் போட்டு, கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கம் தள்ளினாலும், எந்த அறையில் விட்டாலும், சரிம்மா. அந்தக் குழறல் எனக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைகளில் அவர் பேசுவது முழுசாகப் புரிகிற ஆள் நான் ஒருத்திதான் என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார்.

அவருக்குக் கேமரா என்றாலே ஆகாது. அன்று வந்திருந்தார். பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, புரிந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் முக்காலி கேமராத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். அந்த ஷாட் அத்தனை நன்றாக இருந்தது. மனிதக் கை தள்ளியது மாதிரியே இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"எதிரொலியா இருக்கும்," என்றேன் குச்சியிடம். "வா, முகம் காட்டற ஷாட்டைப் பாக்கலாம்."

கிழவியாக நடிக்க எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை, அதனால் குச்சிதான் கிழவி. முக்காலி கேமராவோடு சமையலறையில் போய் நின்றான். குச்சி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தாள். புளிப்பு மிட்டாய் தின்றவள் மாதிரி இருந்தது.

"இது பேயா? பல்வலிக்காரி மாதிரி இருக்கே," என்றான் முக்காலி.

"எனக்கு எப்படித் தெரியும்? பக்கவாதம் வந்தவங்களை நான் பாத்ததே இல்ல. நீயே செஞ்சு காட்டு டைரக்டரே."

குச்சி எழுந்து என் பக்கம் வந்தாள். நாற்காலி காலியாக, என்னைப் பார்த்தபடி நின்றது.

நான் செய்து காட்டினேன்.

வாயை இடது பக்கம் தொங்கவிட்டேன். எச்சிலை ஒழுகவிட்டேன். ஒரு கையை மார்போடு மடக்கி விரல்களைக் கொக்கியாக வளைத்தேன். கண்களைச் செருகினேன். தொண்டையின் அடியிலிருந்து, நாக்குக் குழற, கரகரவென்று ஒரு குரலை எடுத்தேன். "வ்வ்வாம்ம்மா... கிட்ட்ட வ்வா..." நன்றாக வந்தது. வராமல் இருக்குமா, பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்தவள் ஆயிற்றே. உள்ளதை நான்கு மடங்காக்கிக் காட்டினேன். குச்சி கை தட்டினாள். முக்காலி சமையலறையிலிருந்து விசிலடித்தான். அவர்கள் சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் செய்தேன்.

கிறீச்.

நாற்காலி திரும்பியது. அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, என்னிடமிருந்து விலகி, சுவரைப் பார்த்து நின்றது.

சிரிப்பு நின்றது.

"யாரு தள்ளினா?" என்றாள் குச்சி, குரலே எழும்பாமல்.

முன்பின் தெரியாதவர்கள் வந்து முறைத்துப் பார்த்தால் பெரியம்மா அப்படித்தான் சொல்வார். என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பிடும்மா என்று. எங்கள் மூவரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தரை சரிவு," என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் குரல் நடுங்கியது, அதை அவர்கள் கேட்டுவிட்டார்கள். டைரக்டர் பயந்துவிட்டாள் என்று கல்லூரி முழுக்கப் போய்விடும். அந்த அற்ப மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினேன். அதன் எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"என்ன பெரியம்மா, டைரக்டர் சொல்லிக் குடுக்கும்போது திரும்பிக்கறீங்க? நல்லாப் பாத்துக்கங்க. இப்படித்தான் பண்ணணும். இப்படித்தான் பேசணும். வாசல்லேருந்து சமையலறை வரைக்கும். எங்க, ஆக்‌ஷன்."

குச்சி சிரித்தாள். பயத்தில் வருகிற சிரிப்பு.

பவுடர் வாசனை சட்டென்று அறுந்தது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. நடைவழியில் வாசல் கதவுவரை பின்வாங்கி, நான் போட்ட சாக்பீஸ் கோட்டில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்.

அப்புறம் வந்தது.

கிறீச். கிறீச்.

நானும் குச்சியும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். சுவரில் ஒட்டியிருந்த கட்டங்கள் காற்றில் அசைந்தன. காலி இருக்கையின் தோல் நடுவில் குழிந்திருந்தது. அது எங்களைத் தாண்டி, நான் வரைந்த வேகத்தில், நான் வரைந்த கோட்டின் மேல், சமையலறைக்குள் போனது.

முக்காலி கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாய் மெல்லத் திறந்தது.

"வ்வ்வாம்ம்மா," என்றது ஒரு குரல். "கிட்ட்ட வ்வா."

அது பெரியம்மாவின் குரல் இல்லை. ஒரு நிமிஷத்துக்கு முன் என் தொண்டையிலிருந்து வந்த குரல்.

ஓடினோம். செருப்பைக்கூட மாட்டவில்லை. முக்காலி முதல் தடவையாக முக்காலியை விட்டுவிட்டு வந்தான். நான் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, தெருமுனையில்தான் நின்றேன். முக்காலி கேமராவை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"என்ன பாத்த?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீ செஞ்சு காட்டினியே. அப்படியே."

பதிவில் எதுவும் இல்லை. காலி நாற்காலி ஒன்று இருட்டிலிருந்து உருண்டு வந்து கேமரா முன் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் குரல் இருந்தது.

அதை அழித்திருக்கலாம். நான் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கொட்டாவி வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். முழுசாகப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார்.

"நாற்காலியை எப்படி நகத்தினீங்க?"

"நூல் கட்டி இழுத்தோம் சார்."

"அந்தக் குரல் யாருது? பிரமாதம்."

குச்சி தரையைப் பார்த்தாள்.

"என்னோடது சார்," என்றேன்.

என் கதைதான் தேர்வானது. வகுப்பே கைதட்டியது. முக்காலியும் குச்சியும் அதன் பிறகு என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பெரியப்பா போன் செய்தார்.

"படம் முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சது பெரியப்பா."

"இல்ல... அவளுக்கு யாரும் சொல்லலையோன்னு." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஒரு நடை வந்துட்டுப் போறியா?"

நான் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குள் இல்லை. வெளிச்சுவரின் மேல், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது, சவரம் இல்லை. சிநேகிதர் வீட்டில்தான் படுக்கிறாராம்.

"உள்ள போகலையா பெரியப்பா?"

"பயமா இருக்கும்மா."

சொல்லிவிட்டு அவரே கூசிப்போனார். பொண்டாட்டிக்குப் பயப்படுகிறேன் என்று சொல்வதைப் போல அவருக்கு அவமானமான வார்த்தை வேறு இருந்திருக்காது.

"அவ முன்னாடியும் வீட்டுக்குள்ள நடமாடுவா. எனக்குத் தெரியும். சத்தம் வராது, ஆனா தெரியும். அது ஆறுதலா இருந்துச்சு. இப்ப கிறீச்சு கிறீச்சுனு வாசல்லேருந்து சமையல்கட்டுக்குப் போறா. திரும்பி வர்றா. மறுபடி போறா. ஓயாம. என்ன வேணும்னு கேட்டா ஒரு குரல்ல பேசறா பாரு... அது அவ குரல் இல்ல. வாய் கோணியிருந்தப்பக்கூட அவ அப்படிப் பேசினது இல்ல." பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். "அவளை யாராவது ஏதாவது சொன்னீங்களாம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கதை என்னவென்று, எண்ணெயைத் துடைத்ததை, வாயைக் கோணிக் காட்டியதை, அவர்கள் சிரித்ததை. ஆக்‌ஷன் என்று சொல்லிவிட்டு கட் சொல்லாமல் ஓடி வந்ததை. அந்தக் குரல் என்னுடையதுதான் என்று சாரிடம் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் தேவலை என்று இருந்தது.

அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உனக்கு அவ அப்படியாம்மா தெரிஞ்சா?"

எந்த மண்ணுக்குள்ளாவது புதைந்துகொண்டால் போதும் என்று இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே சோப்பு வாடையும் ஈர இரும்பு வாடையும். நடைவழியின் விளக்கு எரியவில்லை. சுவரில் நான் ஒட்டிய கட்டங்கள் இன்னும் அப்படியே இருந்தன.

கிறீச். கிறீச்.

சமையலறைப் பக்கத்திலிருந்து நாற்காலி பின்னோக்கி வந்து, என் கால் நுனியை உரசி, சாக்பீஸ் கோட்டில் நின்றது. சக்கரத்தின் கம்பிகள் துருவேறியிருந்தன. மூச்சு ஒரு முறை. மறுபடி புறப்பட்டது. நடைவழியின் நடுவில் அந்தக் குரல் ஆரம்பித்தது. சோர்ந்துபோன குரல், ஆனாலும் சொல்லிக்கொடுத்ததில் ஒரு எழுத்தையும் விடாத குரல். வ்வ்வாம்ம்மா.

யாரையும் பயமுறுத்த வரவில்லை அவர். சொன்னதைச் செய்துகொண்டிருந்தார். இத்தனை நாளும், நிறுத்தாமல்.

"கட்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கட், பெரியம்மா. போதும்."

நாற்காலி நின்றது.

குரலும் நின்றது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். மன்னிச்சிடுங்க பெரியம்மா, நான் சொன்னது எதுவும் நிஜமில்லை, நீங்கள் அப்படி இல்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சுவரிலிருந்த கட்டங்களைக் கிழித்தேன். சாக்பீஸ் கோட்டைக் கையாலேயே அழித்தேன். காலையில் முதல் வேலையாகப் போய் அந்தப் படம் வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். எங்கிருந்தோ, ரொம்ப லேசாக, ரோஜா பவுடர் வாசனை வந்தது.

பெரியப்பா படியேறி வந்தார். எண்ணெய்க் குப்பியோடு தரையில் உட்கார்ந்து, மேல்துண்டால் துருவைத் துடைத்து, ஒவ்வொரு சக்கரமாக எண்ணெய் விட்டார். தள்ளிப் பார்த்தார். தண்ணீரில் போவது போல் போனது. பின்னறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், பழைய இடத்தில் நிறுத்தினார். அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

"விடும்மா," என்றார் என்னிடம். "அவ மனசுல எதையும் வெச்சுக்க மாட்டா."

அவர் உள்ளே விளக்குப் போடப் போனார். நான் வாசலுக்கு வந்து, அன்றைக்கு விட்டுவிட்டுப் போன செருப்பை எடுக்கக் குனிந்தேன். மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், ஒரு மூச்சு.

அது வந்தது எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா எண்ணெயை நன்றாகவே விட்டிருந்தார்.

"சர்ர்ரியா வந்துச்ச்சாம்மா?" என்றது என் குரல், ஆசையாக. "இன்ன்னொரு தடவ்வை?"